கதவுக்கு வெளியே நின்ற விசாரணை

ஒரு துப்பறியும் அதிகாரி. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். மனைவி பிரிந்து போயிருப்பார், மகள் போன் போட்டால் எடுக்கமாட்டாள். வேலையின் மேல் நம்பிக்கை போய்விட்ட மனிதர். பல ஆண்டுகளுக்கு முன் முடியாமல் விட்ட ஒரு வழக்கு அவரை உறுத்திக்கொண்டே இருக்கும். ஒருநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த ஊருக்கே திரும்பிப் போவார். கிரேக்கத் தீவு, அல்லது மலைமேல் ஒரு கிராமம். அவர் காப்பிக் கடைக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றுவிடும். கறுப்புச் சேலை போல எதையோ போர்த்திய பாட்டி ஒருவர் ஜன்னலை அறைந்து சாத்துவார். எட்டாவது எபிசோடில் குற்றவாளி ஊர்ப் பாதிரியாராகவோ டாக்டராகவோ இருப்பார்.

இப்படிப்பட்ட தொடர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எனக்கும் பிடிக்கும், மறைக்கவில்லை. வெள்ளிக்கிழமை இரவு வேலைக்களைப்போடு சோபாவில் சாய்ந்தால் மூளைக்கு இது போதும். ஆனால் இந்தக் கதையைக் கிரேக்கர்கள் தாங்களே சொல்லும்போது அது வேறு மாதிரி ஆகிவிடுகிறது. துப்பறிபவருக்குப் பதில் கிடைப்பதில்லை, அல்லது கிடைத்த பதில் அவர் தலையிலேயே விழுகிறது. இந்த வாரம் அப்படிப்பட்ட மூன்று விசாரணைகளைப் பற்றிச் சொல்ல நினைக்கிறேன். மூன்றாவதுதான் என்னை அதிகம் தூங்கவிடாமல் செய்தது.

முதல் வழக்குக்கு வயது ஏறத்தாழ 2,400 ஆண்டுகள்.

ஈடிபஸ் என்றதும் தாயை மணந்தவன் என்பது மட்டுமே பலருக்கு நினைவுக்கு வரும். அது ஃப்ராய்டு செய்த வேலை. அதைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு சொஃபக்கிளிஸின் நாடகத்தைப் படித்துப் பாருங்கள். அசல் போலீஸ் கதை. தீப்ஸ் நகரத்தைக் கொள்ளைநோய் வாட்டுகிறது. முந்தைய மன்னன் லாயஸைக் கொன்றவன் இன்னும் இந்த மண்ணில்தான் இருக்கிறான், அவனைக் கண்டுபிடித்துத் துரத்தினால்தான் நோய் விலகும் என்று டெல்ஃபியிலிருந்து குறி வருகிறது. இப்போதைய மன்னன் ஈடிபஸ் உடனே கேள்விகளை அடுக்குகிறான். மன்னர் எங்கே கொல்லப்பட்டார்? வீட்டிலா, வயலிலா, வெளியூரிலா? கூடப் போனவர்கள் யார்? பார்த்தவர்கள் யாராவது இருக்கிறார்களா? இன்றைக்கு ஒரு இன்ஸ்பெக்டர் கேட்கும் அதே வரிசை.

தப்பி வந்தவன் ஒருவன்தான். கொள்ளையர்கள் கூட்டமாக வந்து தாக்கினார்கள் என்று சொன்னான். சரி, அப்போதே ஏன் விசாரிக்கவில்லை? அதற்கும் பதில் இருக்கிறது. அந்தச் சமயத்தில் ஸ்ஃபிங்க்ஸ் என்ற அரக்கி ஊர்வாசலில் உட்கார்ந்து விடுகதை போட்டுக்கொண்டிருந்தாள். காலடியில் கிடந்த பிரச்சினையைப் பார்க்கவே நேரம் சரியாக இருந்தது, கொலை வழக்கு கிடப்பில் போனது. கோப்பு எப்படித் தூசி படிகிறது என்பதை இதைவிட யதார்த்தமாக எந்தத் தொடரிலும் நான் பார்த்ததில்லை. யாரும் சதி செய்யவில்லை. வேறு அவசரம் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

அந்த ஒரே சாட்சி என்ன ஆனான் என்பது இன்னும் சுவையானது. அவன் ஊர் திரும்பியபோது ஈடிபஸ் அரியணையில் உட்கார்ந்திருக்கிறான். பார்த்த உடனே அரசி யொகாஸ்டாவின் கையைப் பிடித்துக் கெஞ்சுகிறான்: என்னை நகரத்தைவிட்டுத் தொலைவில், மேய்ச்சல் நிலத்துக்கு அனுப்பிவிடுங்கள், இந்த நகரமே என் கண்ணில் படக்கூடாது. அனுப்பிவிடுகிறார்கள். ஏன் இப்படிக் கேட்கிறான் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. தொலைதூரக் கிராமத்தில் ஒதுங்கி வாழும் சாட்சி, வாயைத் திறக்க மறுக்கும் கிழவன் என்ற பாத்திரம் அங்கேயே பிறந்துவிட்டது.

இனி வருவதுதான் எனக்குப் பிடித்த இடம். விசாரணை நெருங்க நெருங்க ஈடிபஸுக்குத் தன் மேலேயே சந்தேகம் வருகிறது. மூன்று பாதைகள் சேரும் இடத்தில் தானும் ஒரு முதியவரை அடித்துக் கொன்றது நினைவுக்கு வருகிறது. அவனுக்கு ஒரே ஒரு நம்பிக்கைதான் மிச்சம். சாட்சி 'கொள்ளையர்கள்' என்று பன்மையில் சொன்னான். ஒருவன் பலராக முடியாது. அந்தச் சாட்சி வந்து மறுபடியும் பன்மையிலேயே சொன்னால் தான் தப்பித்தேன் என்று ஆளனுப்புகிறான். சாட்சி வருகிறான். ஆனால் அதற்குள் வேறொரு விஷயம் வெளியாகிவிடுகிறது: ஈடிபஸ் கைவிடப்பட்ட குழந்தை. அந்தக் கிழவனிடம் ஈடிபஸ் கேட்பதெல்லாம் குழந்தையைப் பற்றித்தான். கொன்றது ஒருவனா பலரா என்ற கேள்வியை, எதற்காக அவனை வரவழைத்தானோ அந்தக் கேள்வியை, யாரும் கேட்கவே இல்லை. நாடகம் முடிந்துவிடுகிறது.

வொல்தேர் இளவயதில் இந்த நாடகத்தின் ஓட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணிக் கிண்டல் செய்து எழுதினார். எனக்கு அது ஓட்டையாகத் தெரியவில்லை. விசாரிக்கிறவருக்குத் தான் தேடிய விடை கிடைத்துவிட்டதாகத் தோன்றிய கணத்தில் மீதிக் கேள்விகள் கையிலிருந்து நழுவிவிடுகின்றன. காவல் நிலையங்களில் மட்டுமா இது நடக்கிறது?

இரண்டாவது ஆள் நம் காலத்தவர், கற்பனைப் பாத்திரம். பெயர் கோஸ்தாஸ் ஹரித்தோஸ், ஏதென்ஸ் கொலைப் புலனாய்வுப் பிரிவில் அதிகாரி. இவரைப் படைத்த பெட்ரோஸ் மர்க்காரிஸ் 1937-இல் இஸ்தான்புல்லில் பிறந்தவர், தந்தை ஆர்மீனியர், தாய் கிரேக்கர். துப்பறியும் நாவல் எழுதத் தொடங்கியபோது மர்க்காரிஸுக்கு வயது ஐம்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. அதற்கு முன் நாடகம், மொழிபெயர்ப்பு, திரைக்கதை என்று அலைந்தவர். கத்தேயின் 'ஃபவுஸ்ட்'டைக் கிரேக்கத்தில் கொண்டுவந்ததும் இவர்தான்.

ஹரித்தோஸுக்கு விவாகரத்து இல்லை. விஸ்கி இல்லை. மனைவி அத்ரியானியோடு சண்டை உண்டு, சமாதானமும் உண்டு. சமாதானம் பெரும்பாலும் அவர் சமைக்கும் அரிசி அடைத்த தக்காளி வழியாக வரும். இரவில் படுக்கையில் சாய்ந்து இவர் படிப்பது அகராதி. ஆமாம், அகராதிதான். ஒரு சொல்லை எடுத்து, பழைய கிரேக்கத்தில் அதற்கு என்ன பொருள், இப்போது என்ன பொருள் என்று பார்த்துவிட்டுத் தூங்குவார். மகள் கத்தெரீனாவின் படிப்பும் வாழ்க்கையும்தான் பெரிய கவலை. நம் வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பார்ப்பது போலவே இருக்கும்.

ஆனால் இந்த மனிதர் ஏமாற்றமடைந்தது எதில் என்று பார்த்தால் அது வேறு ரகம். கிரேக்கத்தில் 1967-இலிருந்து 1974 வரை ராணுவ ஆட்சி. இளம் போலீஸ்காரராக ஹரித்தோஸ் அந்த ஆட்சியின் சிறைக்கூடத்தில் காவலுக்கு நின்றவர். கைதிகளைச் சித்திரவதை செய்தபோது பார்த்துக்கொண்டு நின்றவர். லம்ப்ரோஸ் ஸிஸிஸ் என்ற கம்யூனிஸ்ட் கைதிக்கு, மேலதிகாரிகள் பார்க்காத நேரத்தில், சின்னச் சின்னச் சலுகை காட்டியிருக்கிறார். அவ்வளவுதான் அவர் செய்த வீரம். பல ஆண்டுகள் கழித்து இருவரும் சந்திக்கிறார்கள். ஸிஸிஸ் ஊர்ப் பெரிய மனிதர்களைப் பற்றிய விவரங்களைத் தானே கோப்புப் போட்டுச் சேர்த்து வைத்திருப்பவர். பழைய சிறைக் காவலர், பழைய கைதியின் வீட்டுக்குத் தகவல் கேட்டுப் போகிறார். அந்தச் சந்திப்புகளில் இருவருமே அந்தக் காலத்தைப் பற்றி அதிகம் பேசிக்கொள்வதில்லை. நூல் முழுக்க எனக்குப் பிடித்த பக்கங்கள் அவை.

1995-இல் வந்த முதல் நாவலே முடிந்துபோன வழக்கில்தான் தொடங்குகிறது. அல்பேனியாவிலிருந்து வந்த ஏழைத் தம்பதி கொலை. இன்னொரு அல்பேனியன் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான். கோப்பை மூடிவிடலாம். யாருக்கும் மேற்கொண்டு அக்கறை இல்லை, ஏனென்றால் செத்தவர்களும் அல்பேனியர்கள், கொன்றவனும் அல்பேனியன். தொலைக்காட்சி நிருபர் ஒருவர் மட்டும் அந்தத் தம்பதிக்குக் குழந்தை இருந்ததா என்று கேட்கிறார். பிறகு அவரும் கொல்லப்படுகிறார். மேலே சொல்லமாட்டேன், படிக்க நினைப்பவர்களின் சுவையைக் கெடுப்பானேன். 1998-இல் வந்த இன்னொரு நாவலில் ஹரித்தோஸ் விடுமுறைக்குப் போன தீவில் நிலம் நடுங்குகிறது, சரிவு ஏற்பட்டு மண்ணுக்குள் இருந்த பிணம் வெளியே வருகிறது. தீவு என்னவோ அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பிணத்தின் வேர் தீவில் இல்லை. ஏதென்ஸின் இரவு விடுதிகளிலும் கால்பந்துக் குழுக்களிலும் அரசியலிலும் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் எழுதும் கதைகளில் கிராமம் இருட்டாக இருக்கும், நகரத்திலிருந்து வருபவர் விளக்கோடு வருவார். மர்க்காரிஸிடம் இது தலைகீழ்.

இனி மூன்றாவது விசாரணை. இது படம். மர்க்காரிஸோடு சேர்ந்து பல திரைக்கதைகளை எழுதிய தியோ ஆஞ்சலோப்பூலோஸின் முதல் முழுநீளப் படம், 1970-இல் வந்தது. இந்த இருவரும் சேர்ந்து எழுதிய படங்களில் ஒன்று 1998-இல் கான் விழாவின் தங்கப்பனை விருதை வாங்கியது, அந்த அளவுக்குப் பின்னாளில் பெரிய பெயர். 1970-இல் அவர் யாரென்றே யாருக்கும் தெரியாது. சிறிய குழு, மிகக் குறைந்த பணம், கறுப்பு வெள்ளை. படத்தின் பெயர் 'அனபராஸ்தாசி'. நடந்ததை மறுபடி நடித்துக் காட்டுதல் என்று பொருள். உண்மையில் நடந்த ஒரு கொலையை அடிப்படையாகக் கொண்டது.

இடம், கிரேக்கத்தின் வடமேற்கு மூலையில் எபிரஸ் மலைப்பகுதி. கடலும் நீலக் கதவும் கிடையாது. சாம்பல் நிறக் கல் வீடுகள், கல் கூரைகள், சேறு, மழை. படத்தின் தொடக்கத்தில் ஒரு குரல் அந்தக் கிராமத்தின் மக்கள்தொகையைச் சொல்கிறது: 1939-இல் 1,250 பேர், 1965-இல் 85 பேர். அந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் முழுக் கதையும் இருக்கிறது என்று நான் சொல்வேன். உலகப் போர், அதைத் தொடர்ந்து உள்நாட்டுப் போர், பிறகு வறுமை. 1960 மார்ச்சில் மேற்கு ஜெர்மனி கிரேக்கத்தோடு தொழிலாளர் ஒப்பந்தம் செய்தது. ஆண்கள் கூட்டம் கூட்டமாக ஜெர்மானியத் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். ஊரில் மிஞ்சியது முதியவர்கள், பெண்கள், குழந்தைகள்.

அப்படிப் போன ஒருவன் வீடு திரும்புகிறான். அவன் வரும் பேருந்து சேற்றில் மாட்டிக்கொள்கிறது, இறங்கி நடந்து வருகிறான். வீட்டில் மனைவி எலேனி, குழந்தைகள். அவன் இல்லாத காலத்தில் எலேனிக்கும் ஊரின் வயல் காவலனுக்கும் உறவு ஏற்பட்டிருக்கிறது. இருவரும் சேர்ந்து அவனைக் கயிற்றால் நெரித்துக் கொன்று, தோட்டத்தில் புதைத்து, மேலே வெங்காயம் நட்டுவிடுகிறார்கள். மறுபடியும் ஜெர்மனிக்குப் போய்விட்டான் என்று ஊருக்குச் சொல்கிறார்கள். அந்த ஊரில் அதைவிட நம்பக்கூடிய பொய் வேறு எது? போவதுதானே எல்லா ஆண்களும் செய்வது. ஆனால் உறவினர்களுக்குச் சந்தேகம் வந்து, விசாரணை வந்துவிடுகிறது.

இங்கே ஒரு சின்ன விளக்கம் தேவை. நம் நாட்டுச் சட்டம் ஆங்கிலேயர் வழி வந்தது. போலீஸ் விசாரிக்கும், அரசுத் தரப்பு வழக்கறிஞர் குற்றம் சாட்டுவார், நீதிபதி இரு தரப்பையும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வார். கிரேக்கம் ஐரோப்பியக் கண்டத்து முறையைப் பின்பற்றுகிறது. அங்கே விசாரணை நீதிபதி என்று ஒருவர் உண்டு. வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும் முன்பே சாட்சிகளை விசாரிப்பது, ஆதாரம் சேர்ப்பது அவர் பொறுப்பு. குற்றம் சாட்டப்பட்டவர்களைச் சம்பவ இடத்துக்கே கூட்டிப்போய், எங்கே நின்றாய், கயிற்றை யார் பிடித்தது, பிறகு என்ன செய்தாய் என்று நடித்துக்காட்டச் சொல்வதும் அந்த வேலையில் அடங்கும்.

படத்தில் அதைத்தான் பார்க்கிறோம். நகரத்திலிருந்து விசாரணை நீதிபதி வருகிறார். எலேனியையும் காதலனையும் அந்த வீட்டுக்குள் நிறுத்துகிறார். நீ இங்கே நில். அவன் எப்படி உள்ளே வந்தான்? கயிறு யார் கையில் இருந்தது? காதலன் அவள்தான் என்கிறான். அவள் அவன்தான் என்கிறாள். மறுபடி முதலிலிருந்து. மறுபடியும் அதே. குற்றம் நடந்தது நிச்சயம், செய்தவர்களும் கண்முன் நிற்கிறார்கள், ஆனால் நீதிபதிக்குத் தேவையான அந்த ஒரு வரி, யார் கழுத்தை நெரித்தது என்ற வரி, நிரம்பவே இல்லை. அவருடைய சலிப்பு முகத்தில் ஏறிக்கொண்டே போகிறது. கோபம் வருகிறது. பெரிய வசனம் எதுவும் இல்லை. தொடர்களில் வரும் மனமுடைந்த துப்பறிவாளருக்குச் சோகமான கடந்தகாலம் தேவைப்படுகிறது. இந்த நீதிபதிக்கு அது எதுவும் தேவையில்லை. கேள்வி கேட்கும் முறையே அவரைத் தோற்கடிக்கிறது.

கூடவே பத்திரிகையாளர்களும் வந்து ஊர்க்காரர்களைப் பேட்டி எடுக்கிறார்கள். அவர்களில் ஒருவராக ஆஞ்சலோப்பூலோஸே நடித்திருக்கிறார். அவர்கள் கேட்பது ஏன், எப்படி வாழ்கிறீர்கள், யாரெல்லாம் போய்விட்டார்கள். நீதிபதி கேட்பது யார். இரண்டு விசாரணைகளும் ஒரே தெருவில் நடக்கின்றன, ஒன்றையொன்று சந்திப்பதில்லை.

இந்தப் படத்தை 1970-இல் கிரேக்கத்தில் பார்த்தவர்களுக்கு விசாரணை நீதிபதி என்ற சொல்லே வேறு ஒருவரை நினைவூட்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. 1963 மே மாதம் தெசலோனிக்கி நகரில் கிரிகோரிஸ் லம்ப்ராக்கிஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் ஒரு சமாதானக் கூட்டத்தில் பேசிவிட்டு வெளியே வந்தபோது மூன்று சக்கர வண்டியில் வந்தவர்கள் தாக்கினார்கள். சில நாட்களில் இறந்துபோனார். சாலை விபத்து என்று முடித்துவிடப் பார்த்தார்கள். கிறிஸ்தோஸ் சர்ட்ஸெட்டாக்கிஸ் என்ற இளம் விசாரணை நீதிபதி விடவில்லை. தோண்டத் தோண்ட அது கொலை என்பதும், காவல்துறை உயரதிகாரிகள் வரை தொடர்பு இருப்பதும் வெளியே வந்தது. கோஸ்தா கவ்ராஸ் எடுத்த 'இஸட்' என்ற படம் இந்தக் கதைதான். 1967-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அடுத்த ஆண்டு சர்ட்ஸெட்டாக்கிஸைப் பதவியிலிருந்து நீக்கியது, பிறகு கைது செய்து சிறையில் போட்டது. ஜனநாயகம் திரும்பிய பின் 1985-இல் அவரே நாட்டின் அதிபரானார் என்பது தனிக்கதை.

ஆக, 'அனபராஸ்தாசி' வெளியான ஆண்டில், உண்மையைக் கண்டுபிடித்த விசாரணை நீதிபதியை நாடு வேலையைவிட்டுத் துரத்தியிருந்தது. திரையில் ஒரு விசாரணை நீதிபதி, ஏழைப் பெண் ஒருத்தியின் வீட்டுக்குள் நின்று கயிற்றை அளந்துகொண்டிருக்கிறார். தணிக்கையின் கீழ் எடுக்கப்பட்ட படத்தில் ஒரு வார்த்தை அரசியல் இல்லை. தேவைப்படவும் இல்லை.

எலேனியாக நடித்த தூலா ஸ்தத்தோப்பூலூ தொழில்முறை நடிகை அல்ல, தையல் வேலை செய்தவர். அந்த முகத்தை மறக்க முடியாது. அழுது அனுதாபம் தேடும் முகம் இல்லை அது. விசாரணை முடிந்து அவளைக் கொண்டுபோகும்போது கிராமத்துப் பெண்கள் பாய்ந்து வந்து தாக்குகிறார்கள். கறுப்பு உடை, கறுப்பு முக்காடு, கைகள். போலீஸ்காரர்கள் தடுக்கப் படாதபாடு படுகிறார்கள்.

ஏன் இத்தனை ஆத்திரம்? அந்தப் பெண்களின் கணவன்மார்களும் ஜெர்மனியில்தான் இருக்கிறார்கள். அவர்களும் தனியாகத்தான் வயலையும் ஆட்டையும் பிள்ளைகளையும் பார்க்கிறார்கள். எலேனி செய்ததை நான் நியாயப்படுத்தவில்லை, செத்தவன் குளிரிலும் இயந்திரச் சத்தத்திலும் உழைத்துவிட்டு வீடு திரும்பியவன். ஆனால் அந்தக் கைகள் எலேனியை மட்டும்தான் அடிக்கின்றனவா என்று எனக்குச் சந்தேகம். பொறுத்துக்கொண்டு இருந்தவர்கள், பொறுக்காமல் போனவளை அடிக்கிறார்கள். காதலன் மேல் அந்த அளவு ஆத்திரம் பாயவில்லை என்பதையும் கவனியுங்கள். இத்தனைக்கும் வயலையும் தோட்டத்தையும் காவல் காப்பதற்குச் சம்பளம் வாங்கியவன் அவன்.

கிரேக்க இலக்கியத்தில் இந்த இடத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. அலெக்சாந்த்ரோஸ் பப்பதியமாந்திஸ் 1903-இல் எழுதிய 'கொலைகாரி' நாவல். ஸ்கியாதோஸ் தீவில் ஒரு பாட்டி, மருத்துவச்சி வேலையும் தெரிந்தவள். பெண் பிறந்தால் வரதட்சணை, வீடு, நிலம் என்று குடும்பமே அழியும் ஊர். தூக்கமில்லாத இரவுகளில் நோயுற்ற பேத்தியின் தொட்டிலருகே உட்கார்ந்து யோசித்து யோசித்து, பெண் குழந்தைகள் சாவதே நல்லது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறாள். பிறகு செயலில் இறங்குகிறாள். ஊருக்கு நெடுநாள் எதுவும் தெரிவதில்லை, ஏனென்றால் பெண் குழந்தை செத்தால் யாரும் அதிகம் விசாரிப்பதில்லை. கடைசியில்தான் அவளைப் பிடிக்கக் காவலர்கள் வருகிறார்கள். அந்த நாவலைப் படித்த நம்மவர்கள் யாரும் அதைத் தூரத்து ஊர்க்கதை என்று ஒதுக்கிவைக்க முடியாது. அதிலும் துப்பறிவாளர் என்று யாரும் கிடையாது. தேவைப்படவில்லை. காரணம் ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருந்தது.

'அனபராஸ்தாசி'யைப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மெதுவான படம். பாப்கார்னோடு உட்காராதீர்கள், சின்னப் பிள்ளைகளோடும் வேண்டாம். கதை நேர்வரிசையில் போகாது. கொலைக்குப் பிந்தைய நாட்கள் ஒரு பக்கம், விசாரணை ஒரு பக்கம் என்று மாறி மாறி வரும். முதல் அரைமணி நேரம் எது எப்போது நடக்கிறது என்று குழம்பும். விட்டுவிடாதீர்கள். படம் எடுக்கப்பட்ட இடங்களில் ஒன்றான விட்சா, ஸகோரி என்ற மலைக்கிராமத் தொகுதியில் இருக்கிறது. அந்த ஸகோரி வட்டாரத்தை 2023-இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. ஆள் இல்லாமல் போன கல் வீடுகள் பல இப்போது விருந்தினர் விடுதிகள். மலையேற வருகிறவர்கள் தங்குகிறார்கள், கல்பாலங்களைப் படம் எடுக்கிறார்கள். போக வசதியுள்ளவர்கள் போய்வாருங்கள், அழகான ஊர். படத்தைப் பார்த்துவிட்டுப் போனால் அந்தக் கூரைகள் வேறு மாதிரி தெரியும்.

கடைசியாக அந்தப் படத்தின் கடைசிக் காட்சி. நீண்ட நாள் வெளியூரில் இருந்து திரும்பிய கணவனை மனைவியும் காதலனும் கொல்வது கிரேக்கர்களுக்குப் புதிய கதை அல்ல. டிராய்ப் போரிலிருந்து திரும்பிய அகமெம்னானுக்கு நடந்ததும் இதுதான். ஈஸ்கிலஸ் கி.மு. 458-இல் அதை மேடையேற்றியபோது கொலையைப் பார்வையாளர் கண்ணில் காட்டவில்லை. அரண்மனைக் கதவுக்குப் பின்னால் நடக்கிறது, அலறல் மட்டும் கேட்கிறது. கிரேக்கத் துன்பியல் நாடகங்களின் வழக்கம் அது. ஈடிபஸ் தன் கண்ணைக் குத்திக்கொள்வதும் உள்ளேதான், ஒருவர் ஓடிவந்து சொல்லித்தான் நமக்குத் தெரியும்.

ஆஞ்சலோப்பூலோஸ் படம் முழுக்க விசாரணையைக் காட்டிவிட்டு, முடிவில் கொலை நடந்த நாளுக்கே திரும்பிப் போகிறார். இப்போது தெரிந்துவிடும், யார் கயிற்றைப் பிடித்தார்கள் என்று பார்த்துவிடலாம் என்று நாமும் முன்னே சாய்ந்து உட்காருகிறோம். கேமரா வீட்டுக்கு வெளியே, முற்றத்தில் நிற்கிறது. கணவன் உள்ளே போகிறான். கதவு சாத்திக்கொள்கிறது. குழந்தைகள் வெளியே விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். கேமரா அசையவில்லை, கதவும் திறக்கவில்லை.